எழுதாத கார்டு

— இதுல முத்திரை இருக்கு, ஆனா எழுதியிருக்கே தம்பி. எனக்கு எழுதாதது வேணும்.

— நாலாவது தடவையா சொல்றேன் அக்கா. எழுதாத கார்டை எவனாவது தபால் பெட்டியில போடுவானா? சண்டை போட்டுட்டு அம்மா வீட்டுக்குப் போனவகூட நாலு வரி திட்டியாவது எழுதுவா.

— முத்திரை மங்கலா இருந்தாப் பரவாயில்ல. வருஷம் மட்டும் சரியா இருக்கணும். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தினது.

— படக் கார்டுன்னா சொல்லுங்க, இப்பவே தர்றேன். இந்தப் பெட்டி பூரா கலங்கரை விளக்கம். அது பூரா கப்பல். அந்தத் தகர டப்பாவுல பாலம், பூங்கா, ஓட்டல் வாசல்... வர்றவங்க அதைத்தான் தேடி வர்றாங்க. வெறும் கார்டை வெச்சு என்ன பண்ணப் போறீங்க?

— வேணும்.

— பழைய சாமான் சந்தை ஞாயித்துக்கிழமைதான். நீங்க புதன்கிழமை மத்தியானம் கிடங்குக் கதவைத் தட்டி எழுதாத கார்டு கேட்கிறீங்க. யாருக்குக்கா இது?

— எங்க வீட்டுக்காரருக்கு. உனக்குத் தெரிஞ்சவர்தான்.

— எனக்கா?

— பஸ் டிப்போவுல டைம்கீப்பரா இருந்தவர். ஒசரமா, லேசாக் கூன் விழுந்து... ஞாயிறு தவறாம இங்க வருவார். கையில காக்கிப் பை.

— அட, கார்டு சாரு!

— அப்படியா கூப்பிடறீங்க?

— சந்தை பூரா அப்படித்தான்கா. நீங்க கார்டு சார் வீட்டம்மாவா... முதல்லயே சொல்லக் கூடாதா? உக்காருங்க, உக்காருங்க. அதுல வேண்டாம், கால் ஆடும். இதுல. போன ஞாயிறு சாரு வரலையே, என்ன உடம்புக்கு?

— வரத்தான் கிளம்பினார். பஸ் படியில வழுக்கி விழுந்துட்டார். நெத்தியில ஆறு தையல்.

— அய்யய்யோ...

— தையல்கூடப் பெரிசில்ல. இதயம் பலவீனமா இருக்காம். கூட்டத்துல, வெயில்ல அலையவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். இவர் என்னடான்னா, வர்ற ஞாயித்துக்கிழமைக்கு இப்பவே பேன்ட்டை மடிச்சுத் தலகாணிக்கு அடியில வெச்சிருக்கார், பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி.

— சொன்னாக் கேட்க மாட்டாரு...

— யார் சொல்றது? நானா? எங்க ரெண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு நாலு பேச்சு. தண்ணி. மாத்திரை. கதவு. லைட்டு. அவ்வளவுதான்.

— சாரு இங்கயும் அதிகம் பேசமாட்டாருக்கா.

— ஆனா படிப்பார். சாப்பிட உக்காந்தா ஒரு கார்டை எடுத்து வெச்சுப் படிச்சுக் காட்டுவார். யாரோ ஒருத்தி அவ சித்திக்கு எழுதினது. குழந்தைக்குப் பல்லு முளைச்சிருச்சுன்னு. அந்தக் குழந்தைக்கு இப்ப இருக்கிற பல்லெல்லாம் கொட்டியிருக்கும். என் மூட்டுவலி எத்தனை வருஷமா இருக்குன்னு கேட்டுப் பாரு அவரை. தெரியாது.

— ஹ்ம்... எங்க வீட்லயும் இந்தத் திட்டு உண்டு.

— முப்பத்தெட்டு செருப்புப் பெட்டி தம்பி. கட்டிலுக்கு அடியில, பீரோ மேல, சமையல்கட்டுப் பரண்ல... வருஷ வாரியா, ஊர் வாரியா. பொண்ணு வந்தாப் படுக்க இடம் இல்ல. வந்து வந்து பார்த்துட்டு, இப்ப வர்றதையே விட்டுட்டா. ஊர்ல இருக்கிறவன் குடும்பம் பூரா எங்க வீட்ல இருக்கு. எங்க குடும்பம்தான் இல்ல.

— அது ஒரு பித்துக்கா. கிளிஞ்சல் சேர்க்கிறவங்க இல்லையா, அது மாதிரி.

— பித்துன்னா நான் பொறுத்துக்குவேன். முன்னெல்லாம் கையில கிடைச்சதைப் படிப்பார். இப்போ பொறுக்கிப் பொறுக்கிப் படிக்கிறார். அண்ணனுக்குத் தம்பி எழுதினது. தம்பிக்கு அண்ணன் எழுதினது. வேற எதுவும் கிடையாது.

— ...எத்தனை வருஷமாக்கா அப்படி?

— இருக்கும், ஏழெட்டு வருஷம். ஏன்?

— சும்மாதான் கேட்டேன். டீ சொல்லட்டுமா?

— வேண்டாம். அவர் ஏன் தேடறார்னு உனக்குத் தெரியும்ல?

— தெரியும். தம்பி போட்ட கார்டு.

— உன்கிட்ட என்ன சொல்லியிருக்கார்?

— எங்க அப்பா கடை பார்த்த காலம் அது. சாரு வந்து நின்னாரு. 'பழைய பேப்பரோட ஒரு கார்டு தவறிப் போயிருச்சு, எங்கயாவது கண்ணுல பட்டா எடுத்து வைங்க'ன்னாரு. தன்னோட அட்ரஸை ஒரு தாள்ல எழுதி, தம்பி கையெழுத்து எப்படியிருக்கும்னு பழைய நோட்டுலேருந்து ஒரு பக்கத்தையும் கிழிச்சுக் குடுத்தாரு. அப்பா அதை இந்தச் சுவத்துலதான் ஒட்டி வெச்சிருந்தாரு.

— யார் தவற விட்டாங்கன்னு சொன்னாரா?

— 'வீட்ல தெரியாமப் போட்டுட்டாங்க'ன்னாரு.

— ம்.

— உங்களைக் குறை சொல்லிப் பேசினதில்லக்கா. ஒரு நாள்கூட.

— பேசியிருந்தா நல்லாயிருந்திருக்கும். அண்ணன் தம்பி ரெண்டே பேர்தான் அவங்க. அப்பா சின்ன வயசுலயே போயிட்டார், இவர்தான் அவனை வளர்த்தார். இவரே சிபாரிசு பண்ணி டிப்போவுல வேலைக்குச் சேர்த்துவிட்டார். அவன் குடிச்சிட்டு டியூட்டிக்கு வந்துட்டான். எல்லார் முன்னாடியும் கன்னத்துல அறைஞ்சு, 'இனிமே என் வாசப்படி மிதிக்காதே'ன்னுட்டார். அவனும் ரோஷக்காரன். போனவன் போனவன்தான். ரெண்டு வருஷம், இருக்கானா இல்லையான்னே தெரியாது.

— அப்புறம் கார்டு வந்துச்சு.

— வந்துச்சு. நான் ஏதோ வேலையா இருந்தேன். போஸ்ட்மேன் போட்டுட்டுப் போனது பேப்பரோட பேப்பராக் கலந்துட்டுது போல. பழைய பேப்பர்காரன் வந்தான், கட்டித் தூக்கிப் போட்டேன். நான் அதைக் கண்ணாலகூடப் பார்க்கல.

— ம்.

— மூணு வாரம் கழிச்சு அந்தப் போஸ்ட்மேன் இவரை வழியில பார்த்து, 'தம்பி கார்டு போட்டிருந்தானே, சௌக்கியமா இருக்கானா?'ன்னு கேட்டிருக்கான். வீட்டுக்கு வந்தவர் பீரோவைக் கவுத்தார். குப்பைக் கூடையைக் கவுத்தார். பழைய பேப்பர் கடை ஒண்ணு விடாம ஏறி இறங்கினார். அந்த ஞாயிறு ஆரம்பிச்சதுதான் இந்தச் சந்தை. கடல்ல கரைச்ச பெருங்காயத்தைத் தேடற மாதிரி. சாயந்திரம் வந்து செருப்பைக் கழட்டும்போதே, 'இன்னிக்கும் கிடைக்கல'ம்பார். நான் டீயைக் கையில குடுப்பேன். இருபத்தாறு வருஷமா இதே கூத்து.

— கஷ்டம்தான்கா.

— அதனாலதான் உன்கிட்ட வந்தேன். எனக்கு ஒரு கார்டு செஞ்சு குடு.

— என்னது?

— அவன் எழுதின மாதிரியே. இதோ பாரு, அவன் நோட்டு கொண்டாந்திருக்கேன். கையெழுத்து நல்லாத் தெரியுது பாரு. உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது பார்த்து எழுதறவங்க இருப்பாங்க. பலகையில எழுதறவன், கல்யாணக் கார்டு எழுதறவன்...

— அக்கா, நான் பழைய சாமான் விக்கிறவன். பொய்ச் சாமான் விக்கிறவன் இல்ல.

— ஏன், அந்த நாற்காலி ராஜா உக்காந்ததுன்னு எழுதி வெச்சிருக்கியே, நிஜமா?

— அது... அது வியாபாரம்கா.

— இதையும் வியாபாரமா நெனச்சுக்கோ.

— சாரு இருபத்தாறு வருஷமாக் கார்டு பார்க்கிறவரு. முத்திரையைத் தடவிப் பார்த்தே எந்தத் தபாலாபீஸ்னு சொல்லுவாரு. அவரை ஏமாத்தவா?

— அதுக்குத்தான் முத்திரை விழுந்த கார்டாக் கேட்டேன். ரெண்டு கண்ணுலயும் புரை வேற. பூதக்கண்ணாடி வெச்சாத்தான் தெரியுது. நீ கத்தையோட கத்தையாச் சொருகி வெச்சிடு. அவர் கையிலயே அகப்படணும். அவரே எடுத்துப் படிக்கணும். அவ்வளவுதான்.

— படிச்சு?

— நிம்மதியா வீட்ல இருக்கட்டும். எத்தனை நாள் இருக்கப் போறார்? இருக்கிற நாள்லயாவது வீட்ல உக்காரட்டும். என்ன எழுதணும்னு நானே எழுதிக் கொண்டாந்திருக்கேன், படிச்சுப் பாரு.

— 'அன்புள்ள அண்ணா, நான் நலமாக இருக்கிறேன். வெளியூரில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. நாளை கிளம்புகிறேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னைத் தேட வேண்டாம்...'

— போதாதா?

— போதும்... நல்லாத்தான் இருக்கு.

— இன்னொண்ணு. மை ஊதாவா இருக்கணும். நீலம் வேண்டாம். கடைசி ரெண்டு வரிக்கு இடம் பத்தாம ஓரத்துல மேல ஏறிப் போகும், அப்படியே எழுதச் சொல்லு. 'அண்ணா'ங்கிறதுக்குக் கீழ ஒரு கோடு.

— ...

— என்ன தம்பி அப்படிப் பார்க்கிறே?

— கண்ணாலகூடப் பார்க்கலைன்னீங்க.

— ஆமா.

— பேப்பரோட பேப்பராப் போயிருச்சுன்னீங்க.

— ...ஆமான்னு சொன்னேனே.

— பார்க்காத கார்டுல மை ஊதான்னு எப்படிக்கா தெரியும்?

— அவன்... அவன் எப்பவும் ஊதாவுலதான் எழுதுவான்.

— இந்த நோட்டு பூரா நீலமா இருக்கு.

— ...

— நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. நீங்க சொல்லாட்டியும் பரவாயில்ல. ஆனா சொல்லாம இந்த வேலையை என்கிட்ட கேட்காதீங்க.

— தண்ணி இருக்கா?

— இந்தாங்க... மெதுவாக் குடிங்க.

— எங்க மாமியார் அஞ்சு வருஷம் படுக்கையில இருந்தாங்க தம்பி. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி கிடையாது. முதுகு பூரா புண்ணு. நான் வீட்ல சட்டைக்குக் காஜா எடுத்துட்டிருந்தேன். ஒரு சட்டைக்கு ஏழு பட்டன் துளை. ஒரு துளை முடிக்கறதுக்குள்ள கூப்பிடுவாங்க. எந்திரிச்சுப் போய் பெட்பேன் வெச்சு, துடைச்சு, புரட்டிப் போட்டு, கையைக் கழுவிட்டு வந்து அடுத்த துளை. அஞ்சு வருஷம். இவர் டிப்போவுல எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட்டுன்னு எழுதிட்டிருந்தார். வீட்ல நான் தூங்கி எத்தனை நாள் ஆச்சுன்னு அவருக்குத் தெரியாது.

— ம்...

— அவங்க போயி இருபத்திரண்டு நாள். அன்னிக்குத்தான் அந்தக் கட்டிலைக் கழுவினேன். சோப்புப் போட்டு, தேய்ச்சு, நாலு தடவை. தூக்கிட்டுப் போய் முத்தத்துல வெயில்ல சாய்ச்சு வெச்சுட்டுத் திரும்பறேன், வாசல்ல போஸ்ட்மேன்.

— படிச்சீங்க.

— கார்டுதானே, ஒட்டியா இருக்கு? படிச்சேன். இன்னும் மனப்பாடமா இருக்கு. 'அண்ணா, வயிற்றில் கட்டி. ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். சொந்தக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் வா. பழசை மனதில் வைக்காதே.' ஓரத்துல மேல ஏறிப் போச்சுன்னேனே, அது... 'அண்ணியைக் கேட்டதாகச் சொல்.'

— ...

— நான் கட்டிலைப் பார்த்தேன் தம்பி. தண்ணிகூட இன்னும் சொட்டி முடியல. ஓடிப் போய்க் கூட்டிட்டு வந்துடுவார் இவர். கொண்டாந்து அந்தக் கட்டில்ல போட்டுட்டு, மறுநாள் காலையில டிப்போவுக்குப் போயிடுவார். யார் பார்க்கணும்? எனக்கு அவன் மேல ஒரு விரோதமும் இல்ல. இன்னொரு உடம்பை என்னால துடைக்க முடியாதுன்னு தோணுச்சு. கெட்ட எண்ணம்னா கெட்ட எண்ணம்தான், நான் இல்லைங்கல.

— கிழிச்சுப் போட்டீங்களா?

— கிழிச்சிருந்தா ஒரு பாவத்தோட போயிருக்கும். கிழிக்கக் கை வரல. காஜாக் கணக்கு எழுதற பேனா இருந்துச்சு. குறுக்கால எழுதினேன். 'இந்தப் பெயரில் இங்கு யாரும் இல்லை. அனுப்பியவருக்கே திருப்பவும்.' எங்க தெருப் பெட்டியில போடாம, மார்க்கெட் பக்கத்துப் பெட்டி வரைக்கும் நடந்து போய்ப் போட்டேன்.

— அவரு கைக்கே திரும்பிப் போயிருக்கும்...

— போயிருக்கும். எந்த மாதிரி வலியில படுத்துட்டு அதைப் படிச்சானோ. அண்ணன்காரன்தான் எழுதினான்னு நெனச்சிருப்பான். புதன்கிழமை வந்துச்சு, வியாழக்கிழமை வந்துச்சு. சொல்லிடலாம், சொல்லிடலாம்னு... அதுக்குள்ள போஸ்ட்மேன் முந்திக்கிட்டான். வாயில முதல்ல வந்தது பழைய பேப்பர்.

— அப்புறம் நீங்க விசாரிக்கவே இல்லையா?

— கார்டுல ஒரு லாட்ஜ் அட்ரஸ் இருந்துச்சு. தூரம்கூட இல்ல, எங்க வீட்லேருந்து நாலு பஸ் ஸ்டாப். ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் போனேன். எதிர்ப்பக்கம் நின்னேன். மாடியில யாரோ சட்டை காயப் போட்டிருந்தாங்க. உள்ள போய்க் கேட்டா, 'செத்துட்டார்'னு சொல்லிட்டா என்ன பண்றது? 'இருக்கார்'னு சொல்லிட்டா என்ன பண்றது? திரும்பி வந்துட்டேன். இப்ப சொல்லு. செஞ்சு குடுப்பியா?

— வேண்டாம்கா.

— உன் கூடப் பிறந்தவளா நெனச்சுக் கேட்கிறேன்.

— அதனாலதான் வேண்டாங்கிறேன். செஞ்சாலும் எடுபடாது.

— ஏன் எடுபடாது? அவர் கண்ணுக்கு...

— கண்ணு காரணமில்ல. அக்கா... அந்தக் கார்டு சாருகிட்டதான் இருக்கு.

— எந்தக் கார்டு?

— நீங்க குறுக்கால எழுதினது.

— ...உளறாதே தம்பி.

— எட்டு வருஷம் ஆச்சு. அந்த லாட்ஜ்ல ஒரு ரூமைக் காலி பண்ணிச் சாமானை எடைக்குப் போட்டாங்க. நான்தான் போய் எடுத்தேன். ஒரு தகரப் பெட்டி, நாலு துணி, அடியில ஒரே ஒரு கார்டு. அட்ரஸைப் பார்த்ததும் சுவத்துல ஒட்டியிருந்த தாளோட ஒத்துப் பார்த்தேன். தேடித் தேடி அலைஞ்ச மனுஷனுக்குப் புதையலே கிடைச்ச மாதிரி, ஓடிப் போய் நானே கையில குடுத்தேன். குறுக்கால எழுதினது யாருன்னு எனக்கு அப்போ தெரியாது.

— ரூமைக் காலி பண்ணினாங்கன்னா... அப்ப அவன்...

— போயிட்டாரு. ஆனா அன்னிக்கு இல்லக்கா. ஆபரேஷன் நல்லபடியாத்தான் நடந்திருக்கு. லாட்ஜ் மேனேஜர், 'நான் இவன் சித்தப்பா'ன்னு பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. அப்புறம் பதினெட்டு வருஷம் அதே ரூம்ல இருந்து, கீழே வரவேற்புல சாவி எடுத்துக் குடுக்கிற வேலை பார்த்திருக்காரு. நானும் சாரும் போய் விசாரிச்சோம்.

— நாலு ஸ்டாப்ல... பதினெட்டு வருஷம்...

— தண்ணி குடிங்கக்கா.

— இவர்... என் எழுத்துன்னு...

— ஒரு தடவைதான் பார்த்தாரு. 'மளிகைச் சீட்டுல தினம் பார்க்கிற எழுத்து'ன்னாரு. சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு.

— அப்ப எட்டு வருஷமா... ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை... இங்க வந்து என்னதான் தேடறார் அந்த மனுஷன்?

— ஒண்ணும் தேடறதில்லக்கா. சும்மா உக்காந்திருப்பாரு, கிளம்பும்போது ரெண்டு கார்டை எடுத்துப் பையில போட்டுக்குவாரு. மனசு கேட்காம நானே ஒரு நாள் கேட்டுட்டேன். 'சார், எதுக்கு இந்த வேஷம்? வீட்ல நேராக் கேட்டுட வேண்டியதுதானே?'ன்னு. கையில இருந்த கார்டைக் கீழ வெச்சாரு. அப்புறம், 'கேட்டா அவ அழுதுடுவா. அழுதா நான் மன்னிச்சிடுவேன். அதுக்குப் பயந்துதான் கேட்கல'ன்னாரு.